டப் என்று மூடும் பெட்டி

புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு நாற்பது கைக்கடிகாரங்களும் சரியாக ஓடின. வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் பார்த்தபோது நாற்பதும் முந்திக்கொண்டு ஓடியிருந்தன. குறைந்தது இரண்டு நிமிடம். பதினேழாம் எண் மூன்றரை நிமிடம். அறிமுக விழாவுக்கு இருந்தது மூன்று நாள்.

இந்த எண்களை நான் நினைவிலிருந்து எழுதவில்லை, குறிப்பேட்டில் இருக்கின்றன. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன் நான். எங்கள் பதிப்பை மூடியபோது மேசை போய்விட்டது. எதையும் மணி போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

பட்டறை பம்மலில் இருந்தது. ஒரு பக்கம் தோல் பை தைக்கும் இடம், மறுபக்கம் கிரில் வெல்டிங், மேலே விமானம். என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் டூல் ரூமில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதை விட்டுவிட்டு நான்கு ஆண்டுகளாகக் கைக்கடிகாரம் செய்துகொண்டிருந்தான். பேட்டரி கிடையாது. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை தாண்டியும் ஓடும். தட்டு, பற்சக்கரம், முள், கூடு எல்லாம் அந்தப் பட்டறையில் செய்தவை. உள்ளே இருக்கும் சிவப்புக் கற்களை மட்டும் வெளியிலிருந்து வாங்கினோம். அதை மறைக்காமல் உத்தரவாத அட்டையில் அச்சிட்டோம்.

கடிகாரத்துக்குள் ஹேர்ஸ்பிரிங் என்று ஒன்று உண்டு. தலைமுடியைவிட மெல்லிய சுருள். அது விரிந்து சுருங்கும் கணக்கில்தான் மணி ஓடுகிறது. எல்லோரும் அவனுக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான்: மற்றதையெல்லாம் நீ செய், அதை மட்டும் வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள். அவன் கேட்கவில்லை. அந்தச் சுருளுக்கு மட்டும் இரண்டரை ஆண்டுகள் போயின.

"அதை வாங்கிட்டா இது அசெம்பிளி கடை மாமா," என்பான். "அதுக்கு நான் எதுக்கு வேலைய விடணும்?"

டயலில் ஆறாம் எண்ணுக்குக் கீழே, வெளிநாட்டுக் கடிகாரங்களில் நாட்டின் பெயர் இருக்கும் இடத்தில், பொடி எழுத்தில் 'தாம்பரம்' என்று போட்டிருந்தோம். அவனே விதித்துக்கொண்ட நிபந்தனை அது. சுருள் நம்முடையதாக இருந்தால்தான் அந்த எழுத்து இருக்கும், இல்லையென்றால் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

கோர்க்கும் வேலையைச் செய்தவர் பம்மல்காரப் பெண்மணி. பல்லாவரத்தில் காதுக்கருவி பழுதுபார்க்கும் கடையில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவர். என்னைவிட இளையவர்தான், ஆனால் பட்டறையில் எல்லோருக்கும் அவர் அக்கா. டயல் அச்சாகி வந்த அன்று லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு படித்தார்.

"இன்னா சார் இது, தாம்பரம்னு கீது? செய்யறது பம்மல்ல. பேர் மட்டும் தாம்பரத்துக்கா?"

"பம்மல் இப்ப தாம்பரம் மாநகராட்சிதானே அக்கா."

"குப்ப வண்டி மட்டும் பம்மலுக்கு வர்றதில்ல. வாட்ச்சுல மாத்திரம் மாநகராட்சி வந்துடுச்சு."

இந்தத் தொழிலில் என் பங்கு சிறியது. கடிகாரத்துக்குப் பெயர் வைத்தேன். அட்டையில் ஒரு வாக்கியம் எழுதினேன்: 'ஒரு நாளைக்கு இருபது விநாடிக்கு மேல் கூடாது, குறையாது.' பிறகு பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். பாரிமுனையில் பெட்டி செய்யும் கடைக்காரர் பதினொரு மாதிரிகளை மேசையில் அடுக்கினார். சாம்பல் நிறக் காகிதம் ஒட்டிய ஒன்றின் மூடியை விரலால் தள்ளினேன். கடைசி அரை அங்குலம் அதுவாகவே இறங்கி, டப் என்று மூடிக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. எப்படி வருகிறது என்று நான் கேட்கவில்லை. மனைவி சொல்லித்தான் தம்பி என்னைச் சேர்த்துக்கொண்டான் என்பது எனக்குத் தெரியும். பெட்டி ஒன்றைத்தான் நான் முழுதாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

பெட்டிகள் செவ்வாய்க்கிழமை வந்தன. புதன்கிழமை மாலை கடிகாரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து உள்ளே வைத்து மூடினேன். நாற்பது டப். இனி சோதனை இல்லாத நேரத்தில் கடிகாரம் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும், மேசையில் வைத்தால் கீறல் விழும் என்று இருவரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். செய்தி மேசையிலும் நான் அப்படித்தான். பக்கம் முடிந்த பிறகு யார் கையும் அதில் படக்கூடாது.

வியாழக்கிழமை காலை விஷயம் தெரிந்ததும் மைத்துனன் கடிகாரத்தின் டிக் சத்தத்தைக் கேட்டுத் திரையில் கோடு போடும் கருவியில் ஒவ்வொன்றாக வைத்தான். சரியாக ஓடினால் கோடு படுத்திருக்கும். அன்று நாற்பதும் மாடி ஏறுவதுபோல் ஏறின.

அக்கா ஒன்றைத் திறந்து லென்ஸில் பார்த்தார். "சுருள் ஒட்டிக்கினு கீது அண்ணா. காந்தம் ஏறியிருக்கு."

சுருளில் காந்தம் ஏறினால் வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சுருள் குட்டையானதுபோல் ஆகிக் கடிகாரம் ஓட்டமெடுக்கும். வாட்ச் பழுதுபார்க்கும் எந்தக் கடையிலும் இதற்கு ஒரு சிறிய நீலப் பெட்டி இருக்கும். கடிகாரத்தை அதன் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினால் காந்தம் போய்விடும். எங்களிடமும் இருந்தது. பதினொன்றரைக்குள் நாற்பதும் குணமாகிவிட்டன, கோடுகள் படுத்துவிட்டன.

பிறகு காந்தம் எங்கே என்று தேடினோம். அரைநாள் வேட்டை அது. முதலில் கைப்பேசிகள் வெளியே போயின. ரேடியோ போனது. நுனியில் காந்தம் உள்ள ஸ்க்ரூடிரைவர்கள் போயின. அக்கா தம் கைப்பையின் பொத்தானைச் சந்தேகித்து அதைக் கொண்டுபோய்த் தையல்காரரிடம் கொடுத்தார். வெல்டிங் கடைக்காரரிடம் ஞாயிறுவரை சுவரோரம் வேலை செய்யாதீர்கள் என்று கேட்டேன்.

"என் மெஷின் சொவத்த தாண்டி வந்து உங்க வாட்ச்ச ஓட்டுதா?" என்றார் அவர். "மேல போறானே ஏரோப்ளேன்காரன், அவனப் போய் கேளு சார்."

மைத்துனன் உண்மையிலேயே ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தான்.

அன்று மாலை ஐந்தேமுக்காலுக்குக் கடிகாரங்களைத் துடைத்து, பெட்டிகளில் வைத்து, மூடி, இரும்பு பீரோவில் அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு நாற்பதும் மறுபடி ஏறியிருந்தன.

மைத்துனன் நாற்காலியில் உட்காரவில்லை. பட்டறைக்கு நடுவே நின்றான். "பட்டறையில காந்தமே இல்ல. எடுத்துட்டோம். எடுத்த பிறகும் ராத்திரியோட ராத்திரி திரும்ப ஏறுதுன்னா வெளியில இருந்து வரல மாமா. என் உலோகம்தான். நீலப் பெட்டில வெச்சா ஒரு நாளைக்கு அடங்குது, அப்புறம் பழைய குணம் திரும்புது."

"என் கையில இருக்கறது சரியா ஓடுதே," என்றேன். அவனுடைய சுருள் போட்ட முதல் கடிகாரம் என் கையில் இருந்தது. அதற்குச் சுழி எண், அதாவது பூஜ்யம். ஒரு நாளைக்கு ஒன்பது விநாடி கூட. நான்கு மாதமாக அப்படித்தான்.

"அது வேற கம்பி. வேற உருக்கு. அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

பாரிமுனையில் வெளிநாட்டுச் சுருள் தருவித்து விற்கும் ஓர் இறக்குமதி வியாபாரி இருந்தார். முதல் மாதிரியை அவரிடம் கிடைக்கும் சுருளின் அளவுக்குத்தான் அவன் வடிவமைத்திருந்தான், ஆகவே அந்தச் சுருள் எங்கள் கடிகாரத்திலும் உட்காரும். அன்று இரண்டு மணிக்குள் சரி என்று சொன்னால் அந்த வாரச் சரக்கோடு சேர்த்துவிடுவதாக வியாபாரி சொன்னார். சொல்லிவிட்டால் ஞாயிறு விழா இல்லை. நாற்பது டயலிலும் தாம்பரத்தைச் சுரண்ட வேண்டும்.

"ரெண்டு மணி வரைக்கும் பார்ப்பேன்," என்றான். "அதுக்குள்ள எதுவும் புரியலேன்னா மெசேஜ் போட்டுடுவேன்."

நான் அங்கே நின்று செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. குரோம்பேட்டையில் அச்சகத்துக்காரர் விழா அட்டைகளுக்குப் பெட்டியின் சாம்பல் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். விழா நடக்குமா என்பதே தெரியாதபோது அட்டை எதற்கு என்று தோன்றியது. ஆனாலும் காலியான ஒரு பெட்டியையும் வாங்குபவர் பட்டியலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சும்மா நிற்பதைவிடக் கிளம்புவது சுலபம்.

ஷேர் ஆட்டோவில் ஓரத்து இடம். பெட்டி மடியில், பட்டியல் அதன் மேல். மூன்று தாள்கள், ஒரு ஜெம் கிளிப். பல்லாவரம் வரும் முன் ஒரு வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப் போட்டது. கிளிப் தாளிலிருந்து கழன்றது. அது கீழே விழவில்லை. பெட்டியின் மூடியில், விளிம்பை ஒட்டி, செங்குத்தாக நின்றது.

விரலால் எடுத்தேன். விட்டேன். மறுபடி போய் நின்றது. காகிதத்துக்கு அடியில் எதுவும் வெளியே தெரியவில்லை. தடவிப் பார்த்தால் நாணய அளவில் இரண்டு மேடுகள்.

பக்கத்தில் இருந்த பெண் பார்த்துக்கொண்டிருந்தார். "காந்தங்க," என்றார். "என் பொண்ணு பென்சில் டப்பாலயும் இருக்கு."

அப்போது மணி பத்து இருபது. சுழி எண் கடிகாரத்தில் பார்த்தேன்.

வியாழனும் வெள்ளியும் ஒரே வரியில் வந்து நின்றன. சரியாக ஓடிய கடிகாரத்தைப் பெட்டியில் வைத்தேன், முந்தியது. குணமாக்கிய கடிகாரத்தைப் பெட்டியில் வைத்தேன், மறுபடி முந்தியது. என் கையில் இருந்ததற்குப் பெட்டி கிடையாது. அது முந்தவில்லை. இரண்டு நாளாகக் குறிப்பேட்டில் இதே வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். பிறர் செய்தியில் இப்படி ஒன்று இருந்தால் இரண்டு நிமிடத்தில் பிடித்திருப்பேன்.

ஒரு போன் போட்டால் போதும். பல்லாவரத்தில் இறங்கினேன். போன் போடவில்லை. அச்சகத்துக்கும் போகவில்லை. ரயில் நிலையத்துக்குள் போய் வந்து நின்ற முதல் வண்டியில் ஏறினேன். தாம்பரத்தில் எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தேன். டீ வாங்கினேன், பாதியில் வைத்துவிட்டேன். மேம்பாலப் படியில் ஏறி மேற்குப் பக்கம் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்திருந்த மாடி ஹாலின் வாசல்வரை போனேன். யாரோ நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினேன். பிறகு நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து மூடினேன். டப்.

என்ன யோசித்தேன் என்பதை உள்ளபடி எழுத வேண்டும். நான் பேசாமல் இருந்தால் எதுவும் கெட்டுப்போகாது என்று யோசித்தேன். வெளிநாட்டுச் சுருள் காந்தத்துக்கு அவ்வளவாக அசையாத உலோகம். அதைப் போட்டால் இந்தப் பெட்டியிலேயே கடிகாரம் சரியாக ஓடும். விழா ஒரு மாதம் தள்ளும். சுருளில் கோளாறு என்று அவன் நினைத்துக்கொள்வான், புது முயற்சியில் அப்படி நடப்பதுதான். என் பெட்டியும் பிழைக்கும். இரண்டு வண்டிகளைப் போகவிட்டு இதைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். அவன் அந்தச் சுருளை இழுத்த இரண்டரை ஆண்டுகளும் நடுநடுவே வந்து போயின. அவற்றோடு கூடவே பெட்டிக் கடையில் நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியும் வந்தது.

ஒன்றரைக்கு எழுந்தேன். வண்டி வரத் தாமதம், பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ நிறையும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டறைக்குள் நுழைந்தபோது இரண்டு முப்பது.

"போட்டுட்டேன் மாமா," என்றான். "ஒண்ணு அம்பத்தஞ்சுக்கு."

நான் பெட்டியை மேசையில் வைத்து, அதன் மேல் ஜெம் கிளிப்பைப் போட்டேன். அது எழுந்து நின்றது.

சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த அக்கா முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "வெல்டிங்காரன பேஜார் பண்ணோம், ஏரோப்ளேன பாத்தோம். கடசீல இந்தப் பொட்டியா!"

மைத்துனன் சிரிக்கவில்லை. பிளேடை எடுத்து மூடியின் காகிதத்தைக் கீறினான். வட்டமான இரண்டு காந்தங்கள் வந்தன. அவற்றை லேத்தின் மேல் ஒட்டவைத்துவிட்டுக் கேட்டான்: "எப்ப மாமா தெரிஞ்சுது?"

"இப்பதான். திரும்பி வரும்போது, ஆட்டோல."

அவன் வியாபாரிக்குப் போன் போட்டான். ஆர்டர் போய்விட்டது, நிறுத்த முடியாது என்றார். "வந்தா வரட்டும்," என்று சொல்லிவிட்டு நீலப் பெட்டியை இழுத்துவைத்தான்.

சனிக்கிழமை முழுவதும் நாற்பது மூடிகளையும் கீறினோம். அக்காவின் கணவருக்குத் தோல் வார் வெட்டும் தொழில். அவர் கொடுத்த மெல்லிய தோல் நாடாவால் ஒவ்வொரு பெட்டியையும் கட்டினோம். காந்தம் எடுத்த இடம் கிழிந்து தெரிந்தது. அதை ஏதாவது ஒட்டி மறைக்கலாம் என்றேன்.

"மறைக்க வேணாம்," என்றான். "ஏன் கிழிஞ்சிருக்குன்னு எழுதிக் குடுங்க. அதானே உங்க வேலை."

பத்திரிகையில் திருத்தம் போடுவதற்கு ஒரு முறை உண்டு. எது சரி என்று மட்டும் எழுதுவோம், பிழை யாருடையது என்று எழுத மாட்டோம். நூற்றுக்கணக்கில் அப்படி எழுதியிருக்கிறேன். அன்று எழுதியது இது:

'திருத்தம்: இந்தப் பெட்டியின் மூடியில் இருந்த காந்தம் கடிகாரத்தை வேகமாக ஓடவைத்தது. காந்தத்தை எடுத்துவிட்டோம். மூடி கிழிந்திருப்பது அதனால். பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் கடிகாரத்தைச் செய்தவர் அல்லர்.'

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு விழா. முப்பத்தாறு பேர் வந்தார்கள், மற்ற நான்கு பேருக்கும் அனுப்பிவைத்தோம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருப்பவர் பதினேழாம் எண்ணை வாங்கினார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அட்டையைப் படித்தார்.

"இது நல்லா இருக்கே," என்றார். "எங்க ஸ்கூல்ல யாரும் இப்படி எழுதிக் குடுக்க மாட்டாங்க. யாரு சார் அந்தப் பெட்டிக்காரரு?"

"நான்தான்."

"சரி," என்று சொல்லி, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு தம் கைப்பேசியின் மணியோடு ஒத்துப் பார்த்தார்.

எனக்கு அந்த வாரம் தூக்கம் சரியாக வரவில்லை. அட்டையில் இருந்தது உண்மை. பட்டறையில் நான் சொன்னது பொய். நாற்பது பேருக்குத் திருத்தம் அச்சிட்டுக் கொடுத்தவன், ஒருவனிடம் மட்டும் திருத்தாமல் விட்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் வியாபாரியின் பொட்டலம் வந்தது. மைத்துனன் அதைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டான். தூக்கி எறியவுமில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதாவது வெளிவேலை நினைவுக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை ஆசிரியை வந்தார். கடிகாரம் ஒரே நாளில் நான்கு நிமிடம் முந்தியிருந்தது.

"ரிவிஷன் எக்ஸாம் ஹால்ல நான்தான் டைம் சொல்றது. நாலு நிமிஷம் முன்னாடியே பேப்பரை வாங்கியிருப்பேன். பக்கத்து ஹால் மிஸ் வந்து தடுத்தாங்க."

அக்கா கேட்டுத் துருவியதில், தேர்வுக்கு முதல் நாள் மாலை கடிகாரத்தைக் கழற்றி டேப்லெட்டின் மூடியின் மேல் வைத்தது தெரிந்தது. அந்த மூடியிலும் காந்தம். நீலப் பெட்டியில் ஓர் அழுத்து, கோடு படுத்தது. "வாட்ச்ச எதுமேலயும் வெக்காதீங்கம்மா," என்றார் அக்கா. "கையிலயே இருக்கட்டும்." ஆசிரியை பாதி சமாதானத்தோடு போனார்.

மைத்துனன் இழுப்பறையைத் திறந்தான். பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தான். கையில் கத்தரி.

"இதைப் போட்டிருந்தா அவங்களுக்கு இது நடந்திருக்காது, இல்ல மாமா?"

"நடந்திருக்காது."

"என் சுருள் காந்தத்துக்குப் பயப்படுது. அது நிஜம்தானே? பெட்டி மேல மட்டும் தப்பு இல்லையே?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நான் சொல்ல வேண்டியிருந்தது வேறொன்று.

"அந்தப் பொட்டலம் இங்க வந்திருக்கவே வேணாம்," என்றேன். "அன்னிக்குப் பத்து இருபதுக்கே எனக்குத் தெரியும். பல்லாவரத்துக்கு முன்னாடி. போன் போடல. தாம்பரம் ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்காந்துட்டிருந்தேன்."

லேத்தின் மேல் அந்த இரண்டு காந்தங்கள் ஒரு வரைபடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே ஒரு விமானம் போனது.

"ரெண்டரைக்கு வந்தீங்க," என்றான் அவன். "நாலு மணி நேரம் பத்து நிமிஷம் லேட்டு. கார்டுல என்னா எழுதினீங்க? ஒரு நாளைக்கு இருபது செகண்டு."

அக்கா குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

அவன் சிரிக்கவில்லை. ஆனால் கத்தரியை வைத்துவிட்டான். பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தான். "அடுத்த சுருளுக்கு வேற கம்பி பார்க்கிறேன். எவ்ளோ நாள் ஆகும்னு தெரியல. இது இங்க இருந்தா நான் பிரிச்சுடுவேன். நீங்களே கொண்டுபோய் பாரிமுனைல அந்த வியாபாரிகிட்ட குடுத்துட்டு வாங்க."

"இப்பவா?"

"இப்பவே. எங்கயும் உக்காராம போங்க."

பதினொன்று பத்துக்குப் பட்டறையிலிருந்து கிளம்பினேன். பல்லாவரம் நடைமேடையில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. கடற்கரை வண்டி வர ஒன்பது நிமிடம் இருந்தது. பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.